அவித்த முட்டை மேல் ஓர் அடைக்கோழி

சிரிப்பு வரப்போகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, துவைக்கிற கல்லில் சரிந்து, குடித்த டீ மூக்கு வழியாகத் திரும்பி வர, அப்படியொரு சிரிப்பு. ஆனால் இப்போது இல்லை. பொறு, பொறு என்று பெனிட்டா வயிற்றுக்குள் எழுந்திருக்கப் பார்த்த சிரிப்பைத் தலையில் தட்டி உட்கார வைத்தாள். மூன்று வாரமாக இதுதான் வேலை. எழும்பும், ஒரு தட்டு, உட்காரும், அதோ கூடைக்குள் அரைக்கண் மூடி உட்கார்ந்திருக்கிறதே செவலைக் கோழி, அது மாதிரி. முதலில் எல்லாரும் வரட்டும். ஆவுடையப்பன் அண்ணாச்சி வரட்டும், பக்கத்து வீட்டுச் செய்யதம்மா பெரியம்மா வரட்டும், காலனியில் கோழி வளர்க்கிற மற்ற நாலைந்து பேரும் ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக நல்ல சேலை கட்டிக்கொண்டு வரட்டும், வந்து இந்தப் புறவாசலில் வட்டமாகக் குந்தி, கூடையையும் கோழியையும் கோழிக்கு அடியில் இருக்கிற பதினோரு முட்டையையும் பிள்ளை பிறந்த வீட்டில் தொட்டிலை எட்டிப் பார்ப்பது போலப் பார்க்கட்டும். பதினொன்றும் அவித்த முட்டை. கல்லு மாதிரி அவித்தது. ஓடு வெடிக்காமல் இருக்க உப்புப் போட்டு, தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்து, துணியால் துடைத்து, இருந்தது இருந்தபடியே அடுக்கி வைத்தவள் அவள். வேறு ஒருத்தருக்கும் தெரியாது. மேலே உட்கார்ந்திருப்பதற்கும் தெரியாது.

துவைக்கிற கல்லோரம் நின்றாள், காலில் செருப்பில்லை. அடைக்கோழி கிட்டே செருப்போடு போகப்படாது, சத்தத்துக்கு வெருண்டு எந்திரிச்சிரும் என்பது அண்ணாச்சி போட்ட சட்டம், அதனால் வருகிறவர்கள் எல்லாரும் புறவாசல் படியில் கழற்றிவிட்டு ஏதோ சந்நிதிக்குள் நுழைகிற மாதிரி நுனிக்காலில் வந்துகொண்டிருந்தார்கள். உள்ளங்காலுக்கு அடியில் மண் ஈரமாக இருந்தது. தண்ணீராக இருக்கட்டும், கர்த்தாவே, வெறும் தண்ணீராக இருக்கட்டும். கோழிப் பீயில் இத்தனை வகை உண்டு என்பது பதினாறு வயது வரைக்கும் அவளுக்குத் தெரியாமல் இருந்தது, தெரியாமலே செத்திருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது. தலையில் வெள்ளை வைத்தது, பச்சை ஓடினது, சளி மாதிரி இழுபடுவது, எல்லாவற்றுக்கும் ராஜா அடைக்கோழி போடுவது. நாள் பூராவும் அடக்கிவைத்து ஒரு தடவை எழுந்து வந்து ஒரே போடாகப் போடும். எலுமிச்சம்பழம் அளவுக்கு. அந்த வாடை மூக்கில் ஏறினால் மத்தியானம் சோற்றுத் தட்டு வரைக்கும் கூடவே வந்து உட்காரும். "ஏட்டி பெனி, செவலை எந்திரிச்சிட்டு, ஓடிப்போய் அள்ளிரு." அம்மா அதைச் சொல்கிற குரலில் ஒரு சந்தோஷம், பால்காரன் வந்துட்டான் என்று சொல்கிற மாதிரி. அள்ளுவாள். அள்ளும்போது கூடையிலிருந்து செள்ளு, அந்தக் கோழிப்பேன், கையில் ஏறும். கண்ணுக்குத் தெரியாது, ஊரும். வேதியியல் வகுப்பில் காதுக்குப் பின்னால் ஊரும். ஊராதபோதும் ஊரும். பக்கத்தில் இருக்கிற பிள்ளை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால், நாறுகிறதோ, என் மேல்தான் நாறுகிறதோ என்று சட்டைக் கழுத்துக்குள் மூக்கை விட்டுப் பார்ப்பாள், சோப்பு வாடைதான் வரும், சோப்புக்கு அடியில் தவிடு, தவிட்டுக்கு அடியில் அது. ஒரு நாள் செவலை ஒரு பல்லியை முழுங்குவதைப் பார்த்தாள். தொண்டைக்குள் போன பிறகும் கழுத்துத் தோலுக்குள் பல்லி நடந்தது. மறுநாள் அதே கோழி இட்ட முட்டையை அம்மா சுடுசோற்றில் உடைத்து ஊற்றினாள். "சத்துட்டி, தின்னு."

அண்ணாச்சி வந்துவிட்டார். படியில் நின்று தொண்டையைச் செருமினார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எந்த வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு செருமல், ஒரு 'அதாவது என்ன விஷயம்னா'. பெனிட்டாவுக்கு அவர் குரல் முதல் நாளே வந்துவிட்டது. அவளுக்கு எல்லார் குரலும் வரும், அது ஒரு தும்மல் மாதிரி, அடக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் வராத ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து குரலில் உள்ளேன் டீச்சர் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் பின்படியிலிருந்து கண்டக்டர் குரலில் "போலாம் ரைட்" கொடுத்து, கண்டக்டரைக் கடைத்தெருவிலேயே விட்டுவிட்டு பஸ்ஸைக் கிளப்பியிருக்கிறாள். அண்ணாச்சி குரலில் அம்மாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போனது: 'ஹ்ம், மலரு, அதாவது என்ன விஷயம்னா, பனி விழுகுதுல்லா, கோழிக்குக் கழுத்துல துணி சுத்திவிடணும்.' வேறு நம்பரிலிருந்து போனதை அம்மா கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் புறவாசலில் ஏழு கோழியும் கழுத்தில் பழைய பாவாடைத் துணி கட்டிக்கொண்டு மேய்ந்தன, கல்யாண வீட்டுக்குப் போகிற மாமாக்கள் மாதிரி. அன்றைக்கு வந்தது சிரிப்பு. அதுதான் சிரிப்பு. இப்போது வயிற்றுக்குள் உட்கார்ந்திருப்பது அதுதானா என்று கேட்டுக்கொண்டாள், அதுதான், அதுவேதான், கொஞ்சம் புளித்திருக்கிறது, மூன்று வாரம் வெக்கையில் இருந்தால் எதுதான் புளிக்காது.

"மலரு, தண்ணி காட்டினியாம்மா?"

"காட்டினேன் அண்ணாச்சி, வாயே வைக்க மாட்டுக்கு."

"வைக்காது. ஹ்ம். அதாவது என்ன விஷயம்னா, பொரிக்கிற நேரத்துல தாய்க்குத் தாகம் தோணாது."

தாயாம். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள், கண் இரண்டும் மின்ன. அந்தத் தலையாட்டலைப் பார்த்தால் பெனிட்டாவுக்குப் பல் கூசும். அப்பா மஸ்கட்டில். இந்தக் காலனிக்கு வந்து ஒரு வருஷம் வரைக்கும் அம்மா தெருவில் யாரோடும் பேசியதில்லை, சாயங்காலம் டிவியைப் போட்டுவிட்டு டிவியைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள், கதவைத் தட்டினால் யாரென்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாள். பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கோழி, புள்ளிப் புள்ளியாக இருக்கும், பொறிச்சி என்று பெயர், சுவரைத் தாண்டி வந்து இங்கே அழுக்குத் துணிக் கூடையில் முட்டையிட்டது. பெனிட்டாவின் பள்ளிக்கூடச் சட்டைக்கு மேலேயே. சூடாக, ஈரமாக, ஒரு இறகு ஒட்டிக்கொண்டு. அவள் வாந்தி வருகிற மாதிரி நிற்க, அம்மா அதை ஒரு டம்ளருக்குள் வைத்துக்கொண்டு, தலையைச் சீவி, நெற்றியைத் துடைத்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் போனாள். போனவள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தாள். வரும்போது கையில் டம்ளர் நிறைய இஞ்சிச் சாயா, வாயில் நிறையப் பேச்சு. "அவியள லாத்தான்னு கூப்பிடணுமாம்ட்டி, அவிய ஆளுங்க அக்காவ அப்பிடித்தான் கூப்பிடுவாங்களாம்." அதிலிருந்து எதற்கெடுத்தாலும் லாத்தா. லாத்தா ரெண்டு குஞ்சு தந்தாங்க, லாத்தா தவிட்டில மஞ்சள் கலக்கச் சொன்னாங்க, லாத்தா அண்ணாச்சியத் தெரியும்னாங்க. மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஒரு வீட்டுப் புறவாசலில் கூடுவது என்று ஆனது. ஒருத்தர் முட்டை கொண்டுவருவார், ஒருத்தர் அடைக்கோழி இரவல் கேட்பார், பொரித்த குஞ்சில் பாதிக்குப் பாதி பங்கு, ஒருத்தர் கோழியைக் கவிழ்த்துப் பிடித்துப் பின்பக்கத்தை எல்லாருக்கும் காட்டி இது என்னன்னு பாருங்க அண்ணாச்சி என்பார். டீத்தட்டுக்குப் பக்கத்தில். பிஸ்கட்டுக்குப் பக்கத்தில். அம்மா சிரித்துக்கொண்டே அதற்குள் விரலை விட்டுப் பார்ப்பாள், அந்தக் கையை ஏதோ பெயருக்கு அலசிவிட்டு வந்து பெனிட்டாவுக்குத் தலை பின்னுவாள்.

அதற்காகத்தான் அவித்தாள். எதற்காக? அதற்காகத்தான். செய்யதம்மா ஒரு நாள் காலையில் முந்தானைக்குள் பதினோரு முட்டையைப் பொதிந்துகொண்டு வந்து அம்மா கையில் கொடுத்தாள். "செவலை அடைக்குக் கெடக்காள்லா, அதுக்கடில வச்சிருவோம் மலரு." அம்மா முட்டையை மகளிடம் தந்தாள், பத்திரமா வை, சாயந்திரம் நல்ல நேரத்தில் வைக்கணும் என்றாள். பத்திரமாகத்தான் வைத்தாள். அடுப்பில். முட்டை கொதிக்கும்போது ஒன்றோடொன்று முட்டி டக் டக் என்று சத்தம் போட்டது, அப்போது சிரிப்பு வந்தது, வந்ததுதான். சாயங்காலம் பார்க்க வேண்டுமே. தவிடும் மணலும் பரப்பின கூடையில், இடி இடித்தால் முட்டை கலங்காமல் இருக்க அண்ணாச்சி சாமி பேரைச் சொல்லி ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் ரெண்டு மிளகாய்வற்றலும் வைத்தார். செய்யதம்மா ஒவ்வொரு முட்டைக்கும் பிஸ்மி சொல்லி வைத்தாள். அம்மா கண்ணை மூடி, ஆண்டவரே உம்முடைய சிறகுகளின் நிழலில் என்று ஆரம்பித்தாள். மூன்று சாமியையும் கூப்பிட்டு, உப்புப் போட்டு அவித்த பதினோரு முட்டைக்குக் காவல் வைத்தார்கள். பெனிட்டா குளியலறைக்குள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாயைத் துண்டால் அடைத்துக்கொண்டாள். அதோடு நின்றதா? ஏழெட்டு நாளில் டார்ச் அடித்துப் பார்க்கிற அண்ணாச்சி அந்த வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், வந்து பார்க்கையில் இரண்டு வாரம் தாண்டிவிட்டது. முட்டையை டார்ச்சு மேல் வைத்தார். வெளிச்சம் ஏறவில்லை. ஒரே இருட்டு. அவித்த முட்டைக்குள் வெளிச்சம் எப்படி ஏறும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மாட்டினோம் என்று. அண்ணாச்சி செருமினார். "ஹ்ம். பாத்தியளா? ஒரு பொட்டு வெளிச்சம் விடமாட்டுக்கு. அதாவது என்ன விஷயம்னா, குஞ்சு உள்ள நெறைஞ்சுட்டு. பதினொண்ணும் பழுதில்ல. என் சர்வீஸ்ல பதினொண்ணுக்குப் பதினொண்ணு பாத்ததில்ல." செய்யதம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குத்தான் வர வேண்டும், அந்தச் சிரிப்பு, ஆயிரம் ரூபாய்ச் சிரிப்பு, தானாகக் காலில் வந்து விழுந்த சிரிப்பு, ஆனால் வரவில்லை, ஏனென்றால் அதற்குள் அவள் சுவர்ப் பேச்சைக் கேட்டிருந்தாள்.

கேட்டிருக்க வேண்டாம். சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும். "அடை வைக்கிற நேரத்துல சாவுப் பேச்சு பேசப்படாதுன்னுதான் மலரு அன்னைக்குச் சொல்லல. பொறிச்சியக் கீரி கொண்டுபோயிட்டு." வெள்ளைக்கழிச்சல் நோயில் ஒரே வாரத்தில் செய்யதம்மாவின் பன்னிரண்டு கோழி போய், தப்பிப் பிழைத்தது பொறிச்சி ஒன்றுதான். அதுவும் போயிற்று. இட்டு வைத்த முட்டைதான் மிச்சம். "மவன் மெட்ராஸுக்கு வா வாங்கான். எல்லாம் செத்துட்டு, இன்னும் அங்க எதக் கட்டிப் புடிச்சிட்டு இருக்க, வீட்ட வித்துட்டு வாம்மாங்கான். நான் சொல்லிட்டேன், பொறிச்சி முட்டை பொரிக்கட்டும், ஒண்ணு பொரிச்சாலும் நான் இங்கனதான் கெடப்பேன், பொரிக்கலன்னா அல்லா சொல்லுத வழி அதுன்னு பொட்டியக் கட்டிருதேன்." "பொரிக்கும் லாத்தா" என்றாள் அம்மா, டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த ஒரு வருஷத்துக் குரலில். பெனிட்டா கையில் ஈரச் சட்டையோடு நின்றாள். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டி முழங்கை வழியாக அக்குளுக்குள் இறங்கியது. சொல்லிவிடலாம். அப்போதே சொல்லியிருக்கலாம். எப்படி? அண்ணாச்சி குரலில் சொல்லிப் பார்த்தாள், ஹ்ம், அதாவது என்ன விஷயம்னா முட்டை அவிஞ்சிட்டு. செய்தி வாசிக்கிற பெண் குரலில் சொல்லிப் பார்த்தாள். வேதக்கோயிலில் பிரசங்கம் செய்கிற பாதிரி ஐயர் குரலில், அன்பானவர்களே, இந்தப் பாவி என்ன செய்தாள் தெரியுமா. ஒவ்வொன்றும் அச்சு அசலாக வந்தது, நன்றாகவே இருந்தது, நன்றாக இருந்ததுதான் குமட்டியது. வேறு முட்டை வாங்கி மாற்றி வைக்கலாம் என்று நினைத்தாள், வைத்தாலும் அது பொறிச்சி முட்டை இல்லை, குஞ்சுக்குப் புள்ளி விழாது, அதோடு நாள் கடந்துவிட்டது. கடைசியில் ஒன்றும் செய்யவில்லை, தினமும் போய்ப் பீ மட்டும் அள்ளினாள். செவலை மெலிந்துகொண்டே வந்தது. கொண்டை வெளிறிச் சுருங்கி, பழைய மிளகாய் மாதிரி. கை விட்டு நகர்த்தினால் நெஞ்செலும்பு கத்தியாகத் தட்டுப்பட்டது. முட்டைக்குள் என்ன நடந்துகொண்டிருக்கும்? மூன்று வாரம் கோழி வயிற்றுச் சூட்டில் அவித்த முட்டை. வெள்ளைக்கரு சாம்பலாகி, மஞ்சள் பச்சையாகி, சாப்பிடும்போதெல்லாம் இந்த நினைப்புதான். கூடையிலிருந்து ஒரு வாடை வருகிறதா, வரவில்லையா. அவளுக்கு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. அம்மாவுக்கு எதுதான் வரும்.

நேற்றுத்தான் பொரிக்கிற நாள். அண்ணாச்சி ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்து முகத்தைச் சுளித்தார். "சத்தம் இல்லையே." அந்த 'இல்லையே' முடிவதற்குள், அம்மாவின் முகம் விழுந்தது, செய்யதம்மா கையால் சுவரைப் பிடித்தாள். அப்போதுதான் பெனிட்டாவின் நாக்கு அண்ணத்தில் ஒட்டி, உதடு மூடினபடியே, தானாக, கீச் என்றது. மெல்ல. ஓட்டுக்குள் இருந்து வருகிற மாதிரி. கீச், கீச். பஸ் ஸ்டாண்டில் சாயம் பூசின குஞ்சு விற்கிறவனின் அட்டைப் பெட்டி முன்னால் நின்று கற்றுக்கொண்ட சத்தம். கூடைக்குள் செவலை அடித்தொண்டையில் கொக், கொக் என்று பதில் சொன்னது. எல்லாருடைய முகமும் ஒரே நேரத்தில் பூத்தது. ஆகக் கேவலமான வித்தை, ஆக நன்றாக வந்த வித்தை.

"பெனி, வட்டலப்பம் தின்னு மவளே." செய்யதம்மா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தட்டு கைக்கு வந்துவிட்டது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும், தவிட்டு நிறத்தில், தொட்டால் குலுங்கியது. "ஏன் முழிக்க? பிடிக்காதோ?"

"பிடிக்கும் பெரிம்மா."

"நம்ம வீட்டு முட்டை இருந்தா நெறமே வேற. இது கடை முட்டை, சீக்காளி மாதிரி இருக்கு. அடுத்த நோம்புக்குப் பாரு, இதுங்க எல்லாம் வளந்து இடும், உனக்குன்னு ஒரு சட்டி தனியாக் காய்ச்சுதேன்."

வாயில் போட்டாள். நாக்கில் வழுவழுத்துக்கொண்டு நின்றது. விழுங்கினால் கழுத்துத் தோலுக்குள் பல்லி நடக்கும். பெரியம்மாவின் கையில் மருதாணி வாடை அடித்தது, புதிதாக வைத்திருக்கிறாள், இதற்காகவா, ஒரு கோழி பொரிப்பதற்காகவா மருதாணி வைப்பார்கள். இந்த ஆட்கள் எல்லாருமே அருவருப்பு, இவர்களுடைய நம்பிக்கை அருவருப்பு, சேலை மாற்றிக்கொண்டு வந்து ஈர மண்ணில் குந்தியிருப்பது அருவருப்பு, ஒருத்தராவது முகர்ந்து பார்க்கக் கூடாதா, ஒருத்தராவது ஒரு முட்டையைக் கீழே போட்டு உடைக்கக் கூடாதா, தவறுதலாக, உடைத்துவிட்டால் போதும், எல்லாம் தெரிந்துபோகும், அவள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இல்லை, உடைக்கக் கூடாது. கர்த்தாவே, உடைக்கக் கூடாது.

"நேத்தே பொரிச்சிருக்கணும்லா அண்ணாச்சி?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரு நாள் முன்ன பின்ன ஆகும். கோழி என்ன காலண்டரா கிழிச்சுப் போடுது?" அண்ணாச்சி செவலையின் வயிற்றுக்குக் கீழே கைவிட்டு ஒரு முட்டையை எடுத்தார். மூன்று வாரம் கோழியின் எண்ணெய் பட்டுப் பட்டு அது பளிங்கு மாதிரி மின்னியது. "ஹ்ம். ஆனா ஒண்ணு. சில குஞ்சு ஓட்ட உடைக்கத் தெம்பில்லாம உள்ளயே மூச்சு முட்டிப் போயிரும். மலரு, ஒரு ஊக்கு கொண்டா. லேசா ஒரு ஓட்ட போட்டு விட்ருவோம்."

அம்மா தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். ஊக்கு போகும். கட்டியாக இருக்கும். அண்ணாச்சி புருவத்தைச் சுருக்குவார். அதிலிருந்து அந்த வாடை மெல்ல, நூல் பிடித்த மாதிரி, வெளியே வரும். அம்மா லாத்தாவைப் பார்ப்பாள். லாத்தா பொட்டியைக் கட்டுவாள்.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் செய்யதம்மா. "எப்ப வரணும்னு உள்ள இருக்கறதுக்குத் தெரியும். ஊக்கு படக்கூடாத எடத்துல பட்டுட்டா?"

"இல்ல, ஒண்ணே ஒண்ணு, அதாவது என்ன விஷயம்னா..."

"ஒண்ணும் வேண்டாம். இங்க தாங்க. நான் ஒரு தடவ கேட்டுக்கிடுதேன். நேத்து எல்லாரும் கேட்டிய, எனக்குப் படபடப்புல சரியாக் காது கேக்கல." முட்டையை இரண்டு கையாலும் வாங்கி, தலைத்துணியை விலக்கி, காதில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். அம்மா கையைத் தூக்கி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னாள். அண்ணாச்சி செருமலைக்கூட விழுங்கிக்கொண்டார். புறவாசல் அப்படி அமைதியாகிப் பெனிட்டா பார்த்ததில்லை, தெருவில் ஒரு சைக்கிள் போனது, அதுவும் போய்விட்டது. எல்லாரும் முட்டையைப் பார்த்தார்கள். இப்போது. இப்போது கொடுக்க வேண்டும். நாக்கை அண்ணத்தில் வைத்தாள், வட்டலப்பம் அப்பியிருந்தது, ஒட்டவில்லை. உதட்டை மூடிக்கொண்டு அடித்தொண்டையிலிருந்து தள்ளினாள். காற்று மட்டும் வந்தது. செய்யதம்மா முட்டையை இன்னும் கொஞ்சம் காதோடு அழுத்தினாள். மூடின இமைக்குள் விழி அசைந்தது. கேக்கலையே என்று சொல்லப்போகிறாள், உதடு பிரிகிறது, சொல்லப்போகிறாள், பெனிட்டா மூச்சை இழுத்து முழுபலத்தோடு தள்ளினாள், வந்தது. ஆனால் அது நேற்றைய சத்தம் இல்லை. நேற்று வந்தது கதகதப்பில் கிடக்கிற குஞ்சின் சத்தம். இது வேறு. அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு குஞ்சு தார்ரோட்டில் விழுந்து, பஸ் சக்கரங்களுக்கு நடுவில், எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் போட்ட சத்தம் இது, நீளமாக, மேலே ஏறி ஏறி, கீ...ச், கீ...ச், கீ...ச். இதை அவள் கற்றுக்கொள்ளவே இல்லை, எங்கிருந்து வருகிறதென்றும் தெரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை, மூடின உதட்டுக்குப் பின்னால் தொண்டை தானாக அடித்துக்கொண்டது.

செவலை தலையைத் தூக்கியது. கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் கேட்டது. பிறகு எழுந்தது. மூன்று வாரமாக அந்த ஒரு வேலைக்குத் தவிர எழாத கோழி, இறகெல்லாம் சிலிர்த்து இரண்டு மடங்காகப் பெருத்து, மிச்சப் பத்து முட்டையையும் வெயிலில் போட்டுவிட்டுக் கூடை விளிம்பில் ஏறிக் குதித்தது. "ஏ, பிடி, பிடி, முட்டை குளுந்துரும்" என்று அம்மா எழுந்தாள். அது அம்மாவின் கையில் சிக்கவில்லை. அண்ணாச்சியைச் சுற்றிக்கொண்டு, வட்டலப்பத் தட்டை மிதித்துக்கொண்டு, கொக் கொக் கொக் என்று கூப்பிட்டபடி நேராகத் துவைக்கிற கல்லுக்கு வந்தது. வந்து பெனிட்டாவின் வெறுங்காலைப் பார்த்தது. இரண்டு சிறகையும் விரித்து, காலை மாற்றி மாற்றி வைத்து, அவள் பாதங்கள் இரண்டின் மேலும் அடங்கி உட்கார்ந்தது. அடை கிடந்து கிடந்து இறகு உதிர்ந்த வயிறு, வெறும் தோல், காய்ச்சல் மாதிரி கொதித்தது. வழுவழுவென்று, உயிரோடு, அவள் விரல்களுக்கு நடுவில் எல்லாம் நிறைந்தது. செள்ளு கணுக்காலில் ஏறுவது தெரிந்தது. காலை உதற வேண்டும் போல இருந்தது, உதற முடியவில்லை. அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது பாதத்தின் மேல் கேட்டது.

முதலில் சிரித்தது அண்ணாச்சி. "செவலைக்குக் கிறுக்கு பிடிச்சிட்டு! ஏ மலரு, உன் மவளக் குஞ்சுன்னு நெனச்சிட்டுல்லா!" அவ்வளவுதான், எல்லாரும் வெடித்துவிட்டார்கள். ஒருத்தி தரையில் சாய்ந்தாள். அண்ணாச்சிக்குச் சிரிப்பில் இருமல் வந்து யாரோ முதுகில் தட்டினார்கள். அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏட்டி, நீ எப்பம்ட்டி முட்டைக்குள்ள இருந்து வந்த?" என்று கேட்டு மறுபடியும் சிரித்தாள், தலையைப் பின்னால் சாய்த்து, பல்லெல்லாம் தெரிய. அம்மா இப்படிச் சிரித்துப் பெனிட்டா பார்த்ததில்லை. தானும் சிரிக்க வேண்டும் என்று வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து அது மறுபடியும் வந்தது, கீச், சின்னதாக, விக்கல் மாதிரி.

செய்யதம்மாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். முட்டை இன்னும் காதில் இருந்தது. பிறகு சிரிப்பு உதட்டில் மட்டும் நின்றது. முட்டையைக் காதிலிருந்து எடுத்து, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அதைப் பார்த்தாள். கோழியைப் பார்த்தாள். கோழி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறதென்று பார்த்தாள். அங்கிருந்து அந்தப் பார்வை அவசரமில்லாமல், பாவாடை வழியாக, மடித்துக் கட்டின தாவணி வழியாக மேலே ஏறி, பெனிட்டாவின் தொண்டைக்கு வந்து, எச்சில் விழுங்கி ஏறி இறங்கின இடத்தில் நின்றது.